ஜாமீன் கேட்கும் சூரியன்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிஞர்னு சொல்லித்தான் என்னை மேடைக்குக் கூப்பிட்டாங்க. ஆனா இன்னிக்கு நான் பேசப்போறது கவிதை இல்லை, கடன். வங்கிக் கிளையொன்றில் எழுத்தராக உட்கார்ந்து, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் நம்ம சனங்களின் முகத்தை நாள் முழுக்கப் பார்க்கிறவன் நான்.

ஒருநாள் காலனியிலிருந்து ஒரு அக்கா தையல் மெஷினுக்குக் கடன் கேட்டு வந்தாங்க. எல்லாக் காகிதமும் சரியா இருந்தது. அதிகாரி சொன்னார்: "ஊருக்குள்ளேர்ந்து ரெண்டு பேரை ஜாமீனுக்குக் கூட்டிட்டு வாம்மா." அந்த அக்கா என் பக்கம் திரும்பி மெதுவாச் சொன்னாங்க: "தம்பி, ஊர்லேர்ந்து எங்களுக்கு யாரு கையெழுத்துப் போடுவா? போட்டாலும் அந்தக் கையெழுத்துக்கு எத்தனை வருஷம் நாங்க குனியணும்?"

அந்த விண்ணப்பத்தில் யாரும் சாதியைச் சொல்லித் திட்டவில்லை. ஜாமீன் என்ற ஒரு கட்டமே போதுமானதாக இருந்தது. நிலம் மறுக்கப்பட்டவனிடம் நிலப் பத்திரம் கேட்பதும், சேரியில் ஒதுக்கப்பட்டவனிடம் ஊரின் கையெழுத்தைக் கேட்பதும் நவீனத் தீண்டாமை. அது சுத்தமான கம்ப்யூட்டர் எழுத்தில் அச்சாகி வருகிறது, அவ்வளவுதான்.

இதே கட்டம் அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு ஒரு வரைபடமாக வந்தது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த உறவு வெறும் பெயரோடு நிற்பதல்ல. 1930களில் அங்கே வீட்டுக்கடனுக்கான அரசு நிறுவனம் ஒன்று நகரங்களைத் தரம் பிரித்து வரைபடம் போட்டது. கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு மையால் 'அபாயம்' என்று குறிக்கப்பட்டன. கடனுக்குக் காப்பீடு தந்த கூட்டாட்சி அமைப்பு அந்தப் பகுதிகளை ஒதுக்கியது. 1968இல் வீட்டுரிமைச் சட்டம் வந்தது. 1977இல், வங்கிகள் தங்கள் வட்டாரத்து ஏழை மக்களுக்கும் கடன் தர வேண்டும் என்ற சட்டம் வந்தது. சட்டம் வந்துட்டா சிவப்பு மை அழிஞ்சிடுமா?

அழியவில்லை. சூரிய ஒளித் தகடு அதைக் காட்டிக்கொடுத்தது. 2019இல் வெளியான ஆய்வொன்று, ஒரே அளவு வருமானமுள்ள பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. கறுப்பர் பெரும்பான்மைப் பகுதிகளில், எந்த இனமும் பெரும்பான்மையாக இல்லாத பகுதிகளைவிட, கூரைச் சூரிய மின்சாரம் 69 சதவீதம் குறைவு. சொந்த வீடா வாடகை வீடா என்ற வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும் 61 சதவீதம் குறைவு. சூரியன் எல்லாருக்கும் பொது என்று கவிதையில் எழுதலாம். தகடு வாங்குகிற பணம் பொதுவில்லை தோழர்களே. அது பழைய வரைபடத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது.

இங்கேதான் பசுமை வங்கி என்ற ஏற்பாடு வருகிறது. வங்கி என்றதும் பாஸ்புக்கும் டோக்கனும் ஞாபகத்துக்கு வரும். இதில் டெபாசிட் கிடையாது. பொதுப்பணத்தை முதலாக வைத்துக்கொண்டு சூரிய மின்சாரம், மின்சிக்கனம் போன்றவற்றுக்கு மட்டும் கடன் வழி திறந்துவிடுகிற அமைப்பு இது. 2011இல் கனெக்டிகட் மாநில அரசு தொடங்கியது முதலாவது. பிறகு பல இடங்களில் லாபநோக்கற்ற அமைப்புகளாகவே தோன்றின.

எப்படி வேலை செய்யுது? சும்மா ஒரு கணக்கு போடுவோம். வங்கி ஏழைகளுக்கு நூறு ரூபாய் கடன் தரப் பயப்படுகிறது. பசுமை வங்கி சொல்கிறது: "நீ கொடு. திரும்பி வராமல் போனால் முதல் பத்து ரூபாய் நஷ்டம் என்னுடையது." அந்தப் பத்து ரூபாய் தொண்ணூறு ரூபாயை வெளியே இழுத்துவிடுகிறது. கடன் திரும்பி வந்தால் அதே பத்து ரூபாய் அடுத்த தெருவுக்குப் போகும். மானியம் ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது. இது சுழலும். இன்னொன்று: "உன் சொத்து என்ன?" என்று கேட்பதற்குப் பதிலாக, "மின்கட்டணத்தில் மாதம் எவ்வளவு மிச்சமாகும், அதிலிருந்து தவணை கட்ட முடியுமா?" என்று கேட்க இடமுண்டு. கேள்வி மாறினால் பதில் சொல்லக்கூடிய ஆளும் மாறுகிறான். அந்த அக்காவுக்காக ஒரு நிறுவனமே ஜாமீன் நிற்பதாக நினைத்துப் பாருங்கள்.

இதை அப்படியே கொண்டாடிவிட்டு நான் உட்கார்ந்துவிட முடியாது. 2022இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த வழிக்கு 2,700 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 2,000 கோடி 2024இல் எட்டு லாபநோக்கற்ற அமைப்புகளுக்குத் தரப்பட்டது. மீதி 700 கோடி ஏழைக் குடும்பங்களின் சூரிய மின்சாரத்துக்கு. ஆட்சி மாறியது. 2025 தொடக்கத்தில் அந்த 2,000 கோடி இருந்த சிட்டி வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. மார்ச்சில் ஒப்பந்தங்களை அரசு ரத்து செய்தது. முறைகேடு என்றார்கள். அமைப்புகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் அந்தத் திட்டத்தின் சட்டப்பிரிவே நீக்கப்பட்டது. ஆகஸ்டில் 700 கோடித் திட்டமும் ரத்து. கணக்கு நம்ம பேர்ல இருந்தாலும் சாவி வேற ஒருத்தன் கையில இருந்தா என்ன நடக்கும்னு இதைவிடத் தெளிவா யாரும் பாடம் நடத்த முடியாது.

அதே நாட்டில் மேரிலாந்து மாநிலத்து மாண்ட்கோமெரி மாவட்டத்தில் ஒரு சின்ன பசுமை வங்கி இருக்கிறது. அதுவும் லாபநோக்கற்றதுதான். இரண்டு மின் நிறுவனங்கள் இணைந்தபோது மாவட்டத்துக்கு வந்த பணம் அதற்கு முதல் ஆனது. 2022இல் எரிசக்தி வரி வருமானத்தில் பத்து சதவீதத்தை அதற்குத் தர வேண்டுமென்று உள்ளூர் சட்டமே போட்டார்கள். தலைநகரின் கருணைக்குக் காத்திருப்பதற்கும் உள்ளூர் வரியில் சட்டப்படி பங்கு வைத்திருப்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் இதுதான்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2024இல் ஒன்றிய அரசு கூரைச் சூரிய மின்சாரத் திட்டத்தை அறிவித்தது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கோடி வீடுகள் இலக்கு. சிறிய கடனுக்கு ஜாமீனும் வேண்டாமாம். நல்லது. ஆனால் சொந்தக் கூரை வேண்டும். தொகுப்பு வீடுகளில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிற கூரைகளை நீங்கள் பார்த்ததில்லையா? அப்பன் பேரில் ஒரே பட்டா, உள்ளே மூன்று குடும்பம். ஜாமீன் என்ற கட்டத்தை எடுத்துட்டு கூரைன்னு ஒரு கட்டம் போட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

நம்மிடம் நிறுவனமே இல்லையா? இருக்கிறது. 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ இருக்கிறது. ஆனால் தாட்கோ மானியம் தந்தாலும் கடனுக்கு வங்கிக் கவுண்டருக்குத்தான் வர வேண்டும். அதாவது என் மேசைக்கு. அங்கே அதே அதிகாரி, அதே ஜாமீன். தாட்கோ மாதிரி ஒரு பொது நிறுவனம் முதல் நஷ்டத்தைத் தன் தோளில் ஏற்றால் என்ன? கூரை இல்லாதவர்களுக்குக் காலனிக்குப் பொதுவாகத் தகடு வைத்து, வரும் மின்சாரத்தைப் பங்கு போட்டால் என்ன? கூரை பழுதுபார்ப்பதையும் அந்தக் கடனிலேயே சேர்த்தால் என்ன? இவை நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கடன் விடுதலை அல்ல. திருப்பிக் கட்ட முடியாத கடனைப் பசுமைச் சாயம் பூசிக் கொடுத்தாலும் அது கந்துவட்டியின் தங்கச்சிதான். நிலம் கேட்கிற போராட்டத்துக்கு இது மாற்று இல்லை. இரண்டு, அந்த நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் நாற்காலி யாருடையது என்பதை முதலில் கேளுங்கள். 'பயனாளிகள்' என்று நம்மை எழுதுகிற எந்தப் பதிவேட்டிலும் நாம் முடிவெடுப்பவர்களாக இருந்ததில்லை.

அந்த அக்கா அப்புறம் எங்கள் கிளைக்கு வரவேயில்லை. விண்ணப்பம் மட்டும் ரொம்ப நாள் என் மேசையில் கிடந்தது. ஜாமீன் என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட ஊரைக் கெஞ்ச வேண்டாம் தோழர்களே. அந்தக் கட்டத்தையே அடிப்பதற்கான அமைப்பைக் கேட்போம்.

ஜெய்பீம்.