மல்லாட்டைக்கு எப்போது தண்ணீர்?

விழுப்புரம் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். அதற்கு வாரம் எத்தனை தண்ணீர் என்று எண்ணுவதைவிட, செடி எந்தப் பருவத்தில் நிற்கிறது என்று பார்ப்பதே சரி. பூக்கும்போதும், விழுது இறங்கும்போதும், காய் பிடிக்கும்போதும் மண் காயக் கூடாது. இறுகிய மண்ணில் விழுது இறங்காது. மணல் நிலத்தில் அடிக்கடி பாய்ச்ச வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான், அங்கும் இந்தப் பருவங்கள்தான் முக்கியம்.

அடியுரம் போட்டாயிற்றே, ஜிப்சம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் போதுமான அளவு கொண்டுவந்து தருவதில்லை. சுற்றியுள்ள மண்ணிலிருந்து காயே நேராக உறிஞ்சிக்கொள்கிறது. அது குறைந்தால் பொக்குதான் மிஞ்சும். ஆகவே விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணையுங்கள். அதன்பின் மண்ணைக் கிளறாதீர்கள். சந்தேகம் இருந்தால், டி.எம்.வி. ரகங்களைத் தந்த திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.