தினம் ஒரு மடக்கு

ஹெராயின் முதலான அபின்வகை லாகிரி வஸ்துக்களுக்கு அடிமையானவர்களுக்கு, அதே இனத்தைச் சேர்ந்த மெதடோன் என்னும் மருந்தை அளவறிந்து தினந்தோறும் புகட்டினால், உடல் நடுக்கமும் வேட்கையும் தணிந்து அவர்கள் சாதாரண ஜீவிதத்துக்குத் திரும்பக்கூடும் என்று, நியூயார்க் ராக்கஃபெல்லர் ஸ்தாபனத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் இரு வைத்தியர்கள் 1964-இல் தொடங்கிய பரிசோதனையால் கண்டார்கள். விஷத்துக்கு விஷமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் மெதடோன் ஒரு நாள் முழுதும் மெல்ல வேலை செய்வதால், மயக்கமும் தவிப்பும் மாறி மாறி வாட்டும் சுழற்சி அறுந்துபோகிறது என்பதே அதன் சூட்சுமம்.

விசித்திரம் என்னவென்றால், அமெரிக்காவில் வலிக்காக என்றால் இதே மருந்தை வைத்தியர் சீட்டைக் காட்டிச் சாதாரண மருந்துக் கடையிலேயே வாங்கிவிடலாம். போதைப் பழக்கத்துக்காக என்றாலோ, அரசாங்க அங்கீகாரம் பெற்ற தனி நிலையத்துக்குத்தான் போகவேண்டும். அந்த நிலையங்களோ பெரும்பாலும் நகரங்களிலேயே அமைந்திருக்க, சிற்றூர்வாசி விடியுமுன் காரை எடுத்து, நெடுந்தூரம் ஓட்டிச் சென்று, தாதியின் கண்ணெதிரே ஒரு மடக்குக் குடித்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறதே என்று பதறித் திரும்புகிறார். பனி கொட்டும் நாளில் என்னதான் செய்வாரோ! பிரிட்டனிலும் கனடாவிலும் தெருமுனை மருந்துக் கடைக்காரரே இதை அளந்து கொடுக்கிறார். அமெரிக்கரும் 2024-இல் விதியைத் தளர்த்தி, சிகிச்சையில் ஒரு மாதம் கடந்தவர் 28 நாள் மருந்தை வீட்டுக்கே எடுத்துச் செல்ல இடம் தந்திருக்கிறார்கள். கொடுக்கலாமா என்று தீர்மானிப்பவர் மட்டும் அந்தத் தொலைதூர நிலையத்து வைத்தியர்தான்.