எங்கே பிறந்தீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள்?

(குடும்பக் கணக்கெடுப்புத் தாள்களைச் சரிபார்க்கும் பணி தொடங்குவதையொட்டி, மரக்காணத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



தாள்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன, அல்ஹம்துலில்லாஹ். இனி அவற்றைச் சரிபார்த்து, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு குறியெண் இட வேண்டும். இதில் நாம் அதிகம் தடுமாறும் இடங்கள் இரண்டு: பிறந்த இடம், செய்யும் வேலை. நோயைப் பற்றிக் கேட்டால் மக்கள் விவரமாகச் சொல்கிறார்கள். கடனைப் பற்றிக் கேட்டால் வட்டி வரைக்கும் சொல்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடுகிறது. ஒன்று ‘பாண்டி’, மற்றொன்று ‘கூலி’.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் நாம் எண் கொடுக்கப் போகிறோம். அந்த எண்ணை வைத்துத்தான் ரமளானில் யாருக்கு என்ன உதவி, எந்தப் பிள்ளைக்குக் கல்வி உதவி, எந்த வீட்டுக்கு அரசு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் முடிவாகிறது. எண் தவறினால் ஒரு குடும்பம் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடும். விழுந்தது அந்தக் குடும்பத்துக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

மனிதரை எண்ணால் பிரிக்கலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். ஜகாத் பெறத் தகுதியுள்ளோர் 8 வகையினர் என்று திருக்குர்ஆனின் 9-ஆம் அத்தியாயம் 60-ஆம் வசனம் வகுத்துத் தந்திருக்கிறது. ஃபகீர் வேறு, மிஸ்கீன் வேறு, கடனாளி வேறு, வழிப்போக்கர் வேறு. வகை பிரிப்பது அவரவர் உரிமை அவரவருக்குச் சேர்வதற்காகத்தான். எனவே அதைப் பொறுப்போடு செய்ய வேண்டும்.

மழை மாதத்தில் கேட்ட கேள்வி

முதலில் வேலை. நம் கரையில் உப்பளம்தான் பல வீடுகளுக்கு அடுப்பு. வெயில் மாதங்களில் உப்பு விளையும். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகளில் நீர் நிற்கும், அளம் மூடும். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் உப்பளத்துக்குப் போகிறவர் வீட்டில்தான் இருப்பார். அந்த நேரத்தில் நம் தம்பி போய் ‘என்ன வேலை செய்றீங்க?’ என்று கேட்டால், ‘வேலை இல்லப்பா’ என்பார். அவர் சொன்னது உண்மை. அதைக் கேட்டு ‘வேலையற்றவர்’ என்று எண் போட்டால் அது தவறு.

அரசாங்கக் கணக்கெடுப்பில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘இன்று வேலை உண்டா’ என்று கேட்பதில்லை, ‘கடந்த ஓர் ஆண்டில் வேலை செய்தாரா’ என்றுதான் கேட்கிறது. 6 மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மை உழைப்பாளர். அதற்குக் குறைவாகச் செய்தவர் குறைந்த கால உழைப்பாளர். 2011 கணக்கெடுப்பில் இரண்டாவது வகையையும் 3 மாதத்துக்குக் கீழ், 3 முதல் 6 மாதத்துக்குள் என இரண்டாகப் பிரித்தார்கள். இந்த அளவுகோலில் பார்த்தால், தை முதல் புரட்டாசி வரை அளத்தில் நின்றவர் நவம்பரில் வீட்டில் இருந்தாலும் முதன்மை உழைப்பாளர்தான்.

இதில் என்ன நன்மை? மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டம் தமிழக அரசிடம் இருக்கிறது. அது உப்பளத் தொழிலாளருக்கு உரிய திட்டம். நம் தாளிலேயே ஒருவரை ‘வேலையற்றவர்’ என்று எழுதிவிட்டால், அவருக்காக விண்ணப்பம் எழுத வேண்டும் என்ற நினைப்பே நமக்கு வராது. ஆகவே வேலை பற்றி எப்போதும் இரண்டு கேள்வி: கடந்த 12 மாதத்தில் எந்தெந்த மாதம் வேலை இருந்தது? கடந்த 7 நாளில் வேலை இருந்ததா? இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம். ஒன்றை மற்றொன்றில் எழுதக் கூடாது.

‘உப்பளம்’ என்ற ஒரு சொல்

அடுத்தது, ‘உப்பளம்’ என்று மட்டும் எழுதி வந்திருக்கும் தாள்கள். அளத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆள் வைத்து நடத்துபவரும் உப்பளம் என்பார். தானும் மனைவியும் பாத்தியில் இறங்கி உப்பு வாருபவரும் உப்பளம் என்பார். தலைச்சுமையாக உப்பைக் கரையேற்றும் அம்மாவும், மூட்டை தைப்பவரும், லாரி ஓட்டுபவரும், உப்பு வாங்கி விற்கும் தரகரும் அப்படியே சொல்வார்கள். இவர்கள் வருமானமும் ஒன்றல்ல, தேவையும் ஒன்றல்ல.

அதனால் மூன்றைத் தனித்தனியே கேட்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் என்ன தொழில் நடக்கிறது? அங்கே இவர் கையால் செய்வது என்ன? இவர் ஆள் வைத்து நடத்துபவரா, கூலிக்குப் போகிறவரா, தனியாகச் செய்பவரா, குடும்பத் தொழிலில் கூலி வாங்காமல் உழைப்பவரா? கடைசிக் கேள்விக்குரிய இந்த நான்கு வகையும் அரசுக் கணக்கெடுப்பில் உள்ளவையே.

தொழில்களுக்கு எண் கொடுக்கும் தேசிய வகைப்பாடு ஒன்று இருக்கிறது. 2008-இல் திருத்தப்பட்ட அந்த வகைப்பாட்டில் உப்பு எடுப்பதன் எண் 0893. அது சுரங்கம், குவாரி பிரிவில் வருகிறது. பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, விளைச்சல் எடுப்பதால் நம்மில் பலர் ‘உப்பு விவசாயம்’ என்று சொல்கிறோம், விவசாயக் கூலி என்றும் எழுதிவிடுகிறோம். கணக்கில் அது விவசாயம் ஆகாது. அதே உப்பை வேறொரு ஆலையில் அயோடின் கலந்து சமையல் உப்பாக்கினால் அது உணவுப்பொருள் தயாரிப்பில் சேரும். வாங்கி விற்றால் வணிகம். லாரி ஓட்டுபவர் செய்யும் வேலை ஓட்டுநர் வேலை. அவருடைய தொழில் பிரிவு, அவரை வேலைக்கு வைத்திருப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்பதைப் பொறுத்தது.

‘கூலி’, ‘கம்பெனி’, ‘வியாபாரம்’, ‘சொந்தத் தொழில்’ என்ற நான்கு சொற்களும் தனியாக வந்தால் அவற்றுக்கு எண் போட வேண்டாம். திரும்பப் போய்க் கேட்க வேண்டும்.

‘சும்மாதான் இருக்கேன்’

பெண்களிடம் கேட்டால் வரும் பதில், ‘வீட்ல சும்மாதான் இருக்கேன்’. அப்படிச் சொல்லும் அம்மாவின் அருகிலேயே தையல் மெஷின் இருக்கும். அல்லது காலையில் இட்லி சுட்டு விற்றிருப்பார், ஓதிக்கொடுத்திருப்பார், கணவரோடு அளத்தில் இறங்கியிருப்பார். கூலி கணவர் கையில் வந்ததால் அவர் உழைப்பு கணக்கில் வராமல் போகிறது.

குடும்பத் தொழிலில் கூலி வாங்காமல் உழைப்பதும் வேலை என்பது அரசுக் கணக்கெடுப்பின் விதி. 2001 முதல், வீட்டுத் தேவைக்காக மட்டும் மாடு வைத்துப் பால் கறந்தாலும் வேலைதான். சமைப்பது, துவைப்பது, பிள்ளை வளர்ப்பது மட்டும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. எல்லை அங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை விட்டுவிடக் கூடாது என்பதும் தெரியும்.

2006 நவம்பரில் வந்த சச்சார் குழு அறிக்கையை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். முஸ்லிம் பெண்கள் வேலையில் பங்கேற்பது குறைவு என்றும், வேலை செய்பவர்களில் வீட்டிலிருந்தபடியே தொழில் செய்பவர் அதிகம் என்றும் அது சொன்னது. அந்த அறிக்கை பெரிதும் நின்றது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மீதும் தேசிய மாதிரி ஆய்வின் மீதும்தான். அதாவது நம் போன்ற வீடுகளின் திண்ணையில் சொல்லப்பட்ட பதில்களின் மீது. நம் வாயால் ‘சும்மா’ என்று சொன்னால், எந்த அறிக்கையும் அதை மாற்றி எழுதித் தராது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. துபாயிலோ சவூதியிலோ வேலை செய்பவரை வீட்டில் இருப்பவர் கட்டத்தில் எழுத வேண்டாம், ‘வெளிநாட்டில்’ என்ற தனிக் கட்டத்தில் எழுதுங்கள். அங்கே அவர் என்ன வேலை செய்கிறார், கடைசியாகப் பணம் எப்போது வந்தது என்று கேளுங்கள். சபுராளி இருக்கும் வீடு வசதியான வீடு என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

பிறந்த ஊர் எது?

இனி பிறந்த இடம். நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். மரக்காணத்தில் வளர்ந்த பிள்ளை திண்டிவனத்தில் பிறந்திருக்கும். சிக்கலான பிரசவம் என்றால் புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோவார்கள். பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும் என்பது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் முறை. ஆக, ஒரு நாளும் பாண்டியில் குடியிருக்காத பிள்ளையின் சான்றிதழில் பிறந்த இடம் புதுச்சேரி என்று இருக்கும். அது வேறு மாநிலக் கணக்கு.

இந்தச் சிக்கல் நாட்டுக்கே பொதுவானது. பிறந்த இடத்தை மட்டும் பார்த்தால், தாய்வீட்டில் பிறந்து 40-ஆம் நாள் திரும்பிய குழந்தையும் இடம்பெயர்ந்தவராகிவிடும். அதனால் 1971 கணக்கெடுப்பில் ‘இதற்கு முன் எங்கே வசித்தீர்கள்’ என்ற கேள்வியைச் சேர்த்தார்கள், 1981-இல் வந்த காரணத்தையும் கேட்டார்கள். 2011-இல் காரணங்களின் பட்டியலில் வேலை, வியாபாரம், படிப்பு, திருமணம், குடும்பத்தோடு வந்தது இவற்றோடு ‘பிறந்த பின் வந்தது’ என்பதும் ஒன்று. நம் தாளிலும் அதே முறைதான். பிறந்த இடம் சான்றிதழில் உள்ளபடி, வளர்ந்த ஊர் தனியாக, வந்த காரணம் தனியாக.

‘பாண்டி’ என்று வந்தால் இன்னொரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். கோட்டக்குப்பத்துக்காரர் வெளியூரில் தன் ஊரைப் பாண்டி என்றுதான் சொல்வார். கோட்டக்குப்பம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். நம் கடற்கரைச் சாலையில் ஊர்கள் தமிழ்நாடும் புதுச்சேரியுமாக மாறி மாறி வருகின்றன. எனவே ஊர்ப் பெயரைக் கேளுங்கள், எந்த மாநிலம் என்பதைப் பின்னால் நாம் பார்த்துக்கொள்ளலாம்.

முதியவர்கள் ‘தென்னாற்காடு’ என்பார்கள். அது தவறான பதில் அல்ல. 1993-இல் அந்த மாவட்டம் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்தது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. ‘செங்கல்பட்டு ஜில்லா’ என்பவரின் ஊர் இன்று காஞ்சிபுரத்திலோ திருவள்ளூரிலோ செங்கல்பட்டிலோ இருக்கலாம். சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். ஊரைக் கேட்டு, இன்றைய மாவட்டத்துக்கு உரிய எண்ணை ஓரத்தில் போடுங்கள். ரங்கூன், பினாங்கு என்று வந்தால் வெளிநாடு, அந்த நாட்டின் பெயர்.

இந்தக் கேள்வி வந்ததும் சில வீடுகளில் முகம் மாறுகிறது. காரணம் நமக்குத் தெரியும். 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும், பெற்றோர் பிறந்த இடத்தையும் கேட்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஏற்பட்ட கவலை இன்னும் போகவில்லை. ஆகவே வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: இது அரசுக் கணக்கெடுப்பு அல்ல, ஆவணம் எதுவும் கேட்க மாட்டோம், பெயர் உள்ள பக்கம் தனியாகப் பூட்டி வைக்கப்படும். சொல்ல விருப்பமில்லை என்றால் அதற்கும் ஓர் எண் இருக்கிறது. கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் பயந்து ஊரை மாற்றிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஓர் ஊர், வேறொரு தாளில் வேறோர் ஊர் என்பதுதான் பின்னால் தொல்லை தரும்.

சரிபார்ப்பவருக்குச் சில முறைகள்

சொன்ன சொல்லை அழிக்கக் கூடாது. திருத்தம் வேண்டுமானால் ஒரே கோடு போட்டு அருகில் எழுதி, தேதியும் கையெழுத்தும் இடுங்கள்.

‘தெரியாது’, ‘பொருந்தாது’, ‘சொல்ல விரும்பவில்லை’, ‘கேட்கவில்லை’ நான்கும் வேறு வேறு எண்கள். வெற்றுக் கட்டம் எதையும் குறிக்காது. சுழி என்றால் சுழிதான்.

பதில்களை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். இந்த ஊரில் வசிக்கும் ஆண்டு வயதைவிட அதிகமா? இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவருக்கு ‘திருமணத்தால் வந்தவர்’ என்று இருக்கிறதா? 10 வயதுப் பிள்ளைக்கு வேலை எழுதியிருக்கிறதா? அப்படி இருந்தால் அது எழுத்துப் பிழையா, உண்மையிலேயே பிள்ளை வேலைக்குப் போகிறதா என்று அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பிழை என்று நினைத்து அடித்துவிட்டால், பள்ளிக்கு அனுப்ப வேண்டிய ஒரு பிள்ளையை நாமே மறைத்தவர்கள் ஆவோம்.

ஒரே கட்டுத் தாளை இருவர் தனித்தனியாகப் பார்த்து எண் போட்டு, பின் ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் கேள்வி தெளிவில்லை. பெயரை வைத்தோ, தெருவை வைத்தோ, வீட்டின் சுவரை வைத்தோ ஊகிக்க வேண்டாம். ஊகிக்கத் தோன்றும் இடத்தில் எல்லாம் அந்த வீட்டுக்கு மீண்டும் ஒரு நடை போக வேண்டும்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

நாட்டின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 கணக்கு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2011-க்குப் பின் இப்போதுதான் எண்ணுகிறார்கள். இதே இரண்டு கேள்விகளும் உங்கள் வாசலுக்கு வரும். அங்கே நீங்கள் தரும் தனிப்பட்ட விவரத்தை யாரும் கேட்டுப் பார்க்க முடியாது என்றும், அதை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது என்றும் 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் 15-ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் கீழேயே தொடரும் வழக்குக்கு மட்டும் விலக்கு உண்டு.

கணக்கெடுப்பவருக்கு நேரம் இருக்காது. ஒரு சொல்லில் சொன்னால் ஒரு சொல்லாகத்தான் எழுதிக்கொள்வார். ‘கூலி’ என்று நிறுத்தாமல், ‘உப்பளத்தில் உப்பு வாரும் கூலி, வருஷத்தில் எட்டு மாதம்’ என்று சொல்லுங்கள். ‘சும்மா இருக்கேன்’ என்று சொல்லும் முன், நேற்றுக் காலை முதல் இரவு வரை கை என்ன செய்தது என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்து, ஊர்ப் பெயர் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.

நம் தாள்களில் திரும்பக் கேட்க வேண்டிய வீடுகளின் பட்டியல் மேசையில் இருக்கிறது. தம்பிகளும் தங்கைகளும் இருவர் இருவராகப் பிரித்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன் முடித்தால், மழை மாதத்தில் உதவி போய்ச் சேரும்.

நம் உழைப்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக, உரியவரின் உரிமை உரியவருக்குச் சேர அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.