நாள் பிறழின் குடி பிறழும்



பாட்டனின் பாட்டன் பெயர் என்னவென்று கேட்டால் விடை சொல்லத் தெரியாத குடும்பங்களே இன்று தமிழ்நாட்டில் மிகுதி. அக்குறை நீக்கக் கருதி, இளைஞர் சிலர் கணினியில் குடிவழி எழுதப் புகுந்திருப்பது போற்றத்தக்கது. ஆயினும், பழைய ஆவணத்திற் கண்ட நாளை மென்பொருளில் இட்டவுடன், அது திரையில் வேறொரு நாளாய்த் தோன்றுகின்றது. அல்லது வரிசையில் நில்லாது ஒதுங்குகின்றது. அல்லது எழுத்தே தெரியாமல் வெறுங் கட்டமாய் நிற்கின்றது. விளைவு என்ன? தந்தைக்கு முன்னே மகன் பிறந்தவனாகின்றான். ஒரே பெயர் பூண்ட பாட்டனும் பேரனும் ஓராளாய்க் கலந்துவிடுகின்றனர். ஒரு தலைமுறையே சுவடின்றி மறைகின்றது. இது சிறு பிழையன்று.

பிழை எங்கெங்கே நுழைகின்றது என்பதை ஒரு சான்று கொண்டு காண்க. சிதம்பரத்திற்கு அணித்தான மருதூரில் வள்ளலார் இராமலிங்க அடிகளார் பிறந்தது சுபானு ஆண்டு புரட்டாசி 21, ஞாயிற்றுக்கிழமை. ஆங்கிலக் கணக்கில் 1823 அக்டோபர் 5. வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் அவர் திருவறை புகுந்தது சிறீமுக ஆண்டு தை 19, வெள்ளிக்கிழமை. அஃதாவது 1874 சனவரி 30.

இவற்றுள் தமிழ்க் குறிப்பு மட்டும் ஒருவர் கையிற் கிடைத்ததாகக் கொள்க. முதல் இடறல், அறுபதாண்டுச் சுழற்சி. சிறீமுக என்னும் பெயர் 1813-இலும் வரும், 1873-இலும் வரும், 1933-இலும் வரும். தொடர் எண் இல்லாத ஆண்டுமுறை, பாட்டனையும் பேரனையும் ஒரே பெயருக்குள் அடைக்கின்றது. இரண்டாம் இடறல், ஆண்டின் எல்லை. சிறீமுக என்பது 1873 சித்திரையில் தொடங்கியதாகலின், தை 19-ஐயும் 1873 என்றே பலர் எழுதிவிடுவர். மார்கழியின் பிற்பாதியும் தை, மாசி, பங்குனியும் அடுத்த ஆங்கில ஆண்டிற்கு உரியவை என்பதை மறத்தலாகாது. மூன்றாம் இடறல், நாளின் நகர்ச்சி. இற்றை நாட்காட்டியில் புரட்டாசி 21 அக்டோபர் 7 அல்லது 8-இல் வருகின்றது. 1823-இலோ அஃது அக்டோபர் 5. தமிழ்க் கதிரவனாண்டு ஆங்கில ஆண்டினும் சற்றே நீண்டது. ஏறத்தாழ அறுபதாண்டிற்கு ஒரு நாள் விலகும். இன்றைய நாட்காட்டியைக் கொண்டு இருநூறாண்டு முன்னைய நாளைக் கணிப்பவர் இடறுவது இதனாலேயே.

இவற்றைத் திருத்தும் கருவி எது? கிழமை! 1823 அக்டோபர் 7 செவ்வாய், ஞாயிறன்று. 1873 சனவரி 30 வியாழன், வெள்ளியன்று. கிழமை பொருந்தவில்லையெனின் கணக்குத் தவறு என்க. சோழர் காலத் தமிழன் தில்லைத் திருக்கோயிற் சுவர்களிலும் பிற கோயிற் கற்களிலும் மன்னனின் ஆட்சியாண்டைப் பொறித்தான். பல கல்வெட்டுகளில் கிழமையும் நாண்மீனும் உடன் பொறித்தான். அவற்றைக் கொண்டே கல்வெட்டறிஞர் காலம் கணிக்கின்றனர்.

குழப்பம் தமிழ்க் கணக்கில் மட்டுந்தானோ எனின், அன்று. கடலூரையே காண்க! தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலக் கும்பினியார் 1690-இல் விலைக்கு வாங்கினர். அவர்கள் 1752 வரை பழைய யூலியன் கணக்கிலேயே எழுதினர். அண்மையிலிருந்த புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரோ புதிய கிரிகோரியன் கணக்கில் எழுதினர். 1746-இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்த நாள் ஆங்கிலேயர்க்குச் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர்க்குச் செப்டம்பர் 21. நிகழ்ச்சி ஒன்றே, நாள் இரண்டு! அன்றியும், அக்கால ஆங்கிலச் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச்சு 25-இல். ஆகவே அவர்தம் சனவரி, பிப்பிரவரி நாள்களை 1745/46 என இரட்டையாண்டாய்க் குறித்தல் வேண்டும்.

இனி மென்பொருளுக்கு வருக. குடிவழித் தரவைப் பரிமாற 1984-இல் அமெரிக்காவில் தோன்றிய செட்காம் என்னும் பொதுவடிவம், அதன் 5.5 பதிப்பில் கிரிகோரியன், யூலியன், எபிரேயம், பிரெஞ்சுக் குடியரசு ஆகிய நாட்காட்டிகளை அறியும். தமிழ் நாட்காட்டியை அறியாது. கிராம்ப்சு என்னும் கட்டற்ற மென்பொருள் பாரசீக, இசுலாமியக் கணக்குகளையும் அறியும். அதில் 'சிறீமுக தை 19' என்றிட்டால், அதனை வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும், வரிசைப்படுத்தாது, அகவை கணிக்காது. 5-10-1823 என்றிட்டால், அமைப்பு அமெரிக்க முறையில் இருப்பின் மே 10 எனக் கொள்ளும். 1823-10-05 என ஆண்டை முன்னிட்டு எழுதின் அம்மயக்கம் நீங்கும். பழைய ஆவணங்களின் ௳, ௴, ௵ என்னும் நாள், திங்கள், ஆண்டுக் குறிகள் ஒருங்குறியில் உள்ளவையே. அவை கட்டமாய்த் தோன்றின், எழுத்துரு அவற்றைக் கொண்டிராமையே ஏது. எழுத்துருவை மாற்றுக, குறியை அழித்துவிடற்க!

ஈண்டு தமிழுணர்வாளர்க்கு ஒன்று வற்புறுத்தற்குரியது. சுபானு, சிறீமுக என்பன வடசொற்களே. அறுபதில் ஒன்றேனும் தமிழன்று. ஆயினும், பாட்டன் ஓலையில் அப்பெயரிருப்பின், அதனைத் தமிழாக்கிப் பதிவது தூய்மையாகாது, சான்றழிப்பே ஆகும். அடிமைப்பட்ட காலத்தின் வடுவும் வரலாறே! ஆகவே, ஆவணத்திற் கண்டது கண்டபடியே குறிப்பில் நிற்க. கணித்த கிரிகோரியன் நாள் மென்பொருளின் நாட்கட்டத்தில் நிற்க. பழைய ஆங்கிலேயப் பதிவாயின், யூலியன் எனக் குறித்து இடுக. படிப்பவர் காணும் அச்சுப் படியில் திருவள்ளுவராண்டு ஒளிர்க.

திருவள்ளுவராண்டு தொடர் எண்ணுடையது, சுழலாதது. தமிழ்நாட்டரசு 1971 முதல் தன் நாட்குறிப்பிலும் 1972 முதல் அரசிதழிலும் அதனை ஏற்றது. ஆங்கில ஆண்டுடன் 31 கூட்டுக. தை முதல் நாளுக்கு முற்பட்ட சனவரி நாள்களாயின் 30 கூட்டுக. அவ்வாறு கணிப்பின், வள்ளலார் பிறந்தது தி.ஆ. 2854, திருவறை புகுந்தது தி.ஆ. 1874+31 ஆகிய 1905. முன்னது 1823+31 ஆகலின் 1854 அன்றோ என்று இப்பொழுதே யாரேனும் கூட்டிப் பார்த்திருப்பின், அவரே விழிப்புடையார்! ஆம், 1854 என்பதே செவ்விய எண். ஓரெண் வழுவினால் ஓராயிரம் ஆண்டு வழுவும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வீட்டில் மூத்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதுக. கிழமையோடு எழுதுக. எழுதியதைக் கூட்டிக் கழித்து மீண்டும் சரிபார்க்க. நாள் பிறழாத குடியே வேர் பிறழாத குடி!