வண்டியின் பெயரும் உருவும்



எருமப்பட்டிக் கடைவீதியில் ஒரு தேநீர்க் கடை உண்டு. மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கே ஒரு சிறு சபை கூடும். அச்சபையில் அரசியலுக்கு இடமில்லை, சினிமாவுக்கும் இல்லை. பேச்செல்லாம் மோட்டார்க் கார்களைப் பற்றியே நடக்கும். எந்தக் கம்பெனி எந்த ரகத்தை நிறுத்திவிட்டது, எந்த வண்டிக்கு முகம் மாறியது, எந்த வண்டிக்கு வால் குறைந்தது என்று மணிக்கணக்கில் வாதம் செய்வார்கள். தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் அந்தப் பெஞ்சின் ஓரத்தில் இடம் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே கேட்கும் உரிமை மட்டுமே எனக்கு உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேசியே பிழைத்தவனுக்கு அது நல்ல பயிற்சி.

சபையில் முக்கியமானவர்கள் மூவர். ஒருவர் வாடகைக் கார் ஓட்டி ஓய்ந்த முதியவர். அம்பாஸடரைத் தவிர வேறொன்றையும் அவர் கார் என்று ஒப்புக்கொள்வதில்லை. மற்றவையெல்லாம் அவருக்கு ‘டப்பா’. இன்னொருவன் கோழிப்பண்ணைக்காரர் ஒருவரின் மகன். உலகில் எந்த மூலையில் புதிய கார் வெளிவந்தாலும் கைப்பேசியில் பார்த்துவிட்டு அன்று மாலையே தீர்ப்புக் கூறிவிடுவான். மூன்றாமவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் மேஸ்திரி. அவர் அதிகம் பேசமாட்டார். அவர் வாயைத் திறந்தால் மற்ற இருவரும் நிறுத்திக்கொள்வார்கள்.

பாடி கட்டுதல் என்பதை வெளியூர் நேயர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து லாரி நெடுங்காலமாக முழு உருவத்தோடு வந்ததில்லை. எஞ்சின், சக்கரங்கள், நீண்ட இரும்புச் சட்டம், முன்னே ஒரு முகப்பு, இவ்வளவுதான் வரும். அதைச் சேஸிஸ் என்பார்கள். தலைக்குமேல் கூரைகூட இல்லாமல் வெயிலிலும் மழையிலும் அதை ஓட்டிக்கொண்டு வந்து நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ விடுவார்கள். அங்கே பட்டறையில் மரத்தாலும் தகட்டாலும் ஓட்டுநர் அறையும் பாரம் ஏற்றும் பெட்டியும் கட்டி, வண்ணம் தீட்டி, சாமி பெயரும் பிள்ளைகள் பெயரும் எழுதி அனுப்புவார்கள். எஞ்சின் ஜாம்ஷெட்பூரில் பிறந்திருக்கலாம், எண்ணூரில் பிறந்திருக்கலாம். உடல் எங்கள் சமவெளியில் பிறந்தது. அண்மைக் காலத்தில் கம்பெனிகளே ஓட்டுநர் அறையைச் செய்து அனுப்புவது பெருகிவிட்டது. புதிய லாரிகளில் அந்த அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதியும் 2025ஆம் ஆண்டில் வந்தது. மேஸ்திரியின் மௌனத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு வண்டியை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இயல்பாகவே உண்டு: உள்ளே ஓடுவது ஒன்று, மேலே போர்த்தியது ஒன்று. பெயர் என்பது நெற்றியில் ஒட்டிய பொட்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பெயர்களை எடுத்துக்கொண்டால் இலக்கண ஆசிரியனுக்கு நல்ல வேட்டை கிடைக்கும். என் சிறுவயதில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எந்தக் காரையும் ‘பிளஷர்’ என்றே சொன்னார்கள். ஜீப் என்பது ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். நம் நாட்டில் அது சிறப்புப்பெயர் நிலையிலிருந்து பொதுப்பெயராக இறங்கிவிட்டது. இன்றும் கொல்லிமலை ஏறும் உயரமான வண்டி எதுவாயினும் பலருக்கு அது ஜீப்தான். பம்பாயில் தயாரான ஃபியட் 1100 என்னும் கார் 1970களில் பெயர் மாறி, முடிவில் பிரீமியர் பத்மினி ஆயிற்று. உடலில் பெரிய மாறுதல் எதுவும் இல்லை. அது ராஜபுத்திர அரசியின் பெயர் என்று சொல்வார்கள். நம்மவர் பலர் நாட்டியப் பேரொளியை நினைத்துக்கொண்டு மகிழ்ந்தார்கள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அம்பாஸடரின் கதை இதற்கு நேர்மாறு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் உருவத்தைக் கொண்டு 1950களின் பிற்பகுதியில் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அது வெளிவரத் தொடங்கியது. 2014இல் உற்பத்தி நிற்கும்வரை பெயரும் மாறவில்லை, அந்தத் தொப்பி போன்ற உருவமும் பெரிதாக மாறவில்லை. உள்ளே எஞ்சின் மட்டும் மாறியது. 1990களில் ஜப்பானிய இசுஸு எஞ்சின்கூட அதில் குடியேறியது. பழைய உடலில் புதிய உயிர் என்று எங்கள் முதியவர் பெருமைப்படுவார். “அப்படியானால் ஸ்டாண்டர்டு 2000 என்ன ஆச்சுங்க?” என்று பையன் கேட்பான். கேள்வி நியாயமானதே. சென்னையில் ஹெரால்டு கார் செய்த ஸ்டாண்டர்டு கம்பெனி 1985இல் ரோவர் காரின் அழகான உடலைக் கொண்டுவந்து, அதற்குள் பழைய வான்கார்டு காரின் வழிவந்த எஞ்சினை வைத்தது. விலை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். சில ஆண்டுகளில் வண்டியும் நின்றது, கம்பெனியும் நின்றது. புதிய உடலில் பழைய உயிர் தங்கவில்லை.

உருவம் மாறுவதற்கு அழகுணர்ச்சியே காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். சபையில் அடிக்கடி எழும் ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிறிய கார் என்பதற்கு இலக்கணமும் வகுக்கப்பட்டது: நீளம் நான்கு மீட்டரைத் தாண்டக் கூடாது; பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.யையும் டீசல் எஞ்சின் 1500 சி.சி.யையும் தாண்டக் கூடாது. விளைவு என்ன? பின்னால் பெட்டி உள்ள கார்களின் வால் அறுபட்டது. 2008இல் டாடா இண்டிகோவின் குட்டை வடிவம் வந்தது. மாருதி டிசையர் 2008இல் நான்கு மீட்டருக்கு மேல் நீண்டு வந்தது. 2012இல் 3,995 மில்லிமீட்டராகச் சுருங்கிற்று. ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் சட்டத்துக்குள் நுழைந்த அந்த வண்டியைப் பார்த்துக் கார் அபிமானிகள் கேலி செய்தார்கள். வெட்டி ஒட்டியது போல் இருக்கிறது என்றார்கள். வாடகைக் கார்க்காரர்களோ வரிசையில் நின்று வாங்கினார்கள். 2025 செப்டம்பரில் சரக்கு சேவை வரி மாற்றப்பட்டபோதும் அதே நான்கு மீட்டர்க் கோடு நீடித்தது: கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40 சதவீதம். நம் தெருவில் ஓடும் கார்களின் பின்புறத்தைச் செதுக்கிய சிற்பி டெல்லியில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் என்றால் மிகையாகாது.

இப்போது வாலே வேண்டாம், உயரம்தான் வேண்டும் என்கிறார்கள் இளைஞர்கள். எஸ்.யூ.வி. என்ற மூன்றெழுத்து மந்திரம் எங்கும் ஒலிக்கிறது. ஒரே வண்டிக்கு இரண்டு கம்பெனிகள் இரண்டு பெயர் சூட்டி விற்பதும் உண்டு. மாருதி பலேனோவே 2019இல் டொயோட்டா கிளான்ஸா என்று வந்தது. “பெயரில் என்ன இருக்கிறது, பார்த்தீர்களா!” என்று நான் ஒருநாள் சபையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. காரணம் அவர்களுக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்கிறேன்.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வாடகைக் கார் ஓட்டுகிறான். சில ஆண்டுகளுக்கு முன் சொந்த வண்டி வாங்க வேண்டும் என்று வந்து யோசனை கேட்டான். எல்லோரும் வாங்கும் ரகம் ஒன்று. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ரகம் மற்றொன்று. இரண்டாவதில் தகடு கனமாக இருந்தது, கதவு சாத்தும்போது நல்ல ஓசை கேட்டது, விலையும் சற்றுக் குறைவு. வகுப்பில் எத்தனையோ முறை சொன்னதை அவனிடமும் சொன்னேன்: “பெயரைப் பார்க்காதே கண்ணு, பொருளைப் பார்.” கார் ஓட்டத் தெரியாதவன் சொன்ன யோசனையை அவன் குருவாக்காக எடுத்துக்கொண்டான். ஐந்தாண்டுத் தவணையில் வண்டி வந்தது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அது சலிக்காமல் ஏறியது.

தவணை பாதிகூட முடியவில்லை. அந்தக் கம்பெனி இந்த நாட்டில் கார் விற்பதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். மறுநாள் காலையிலும் அதே எஞ்சின், அதே தகடு, அதே கதவோசைதான். ஆயினும் வண்டியின் விலை ஓர் இரவில் இறங்கிவிட்டது. பிறகு முன்சக்கரத்தை ஒட்டிய ஒரு சிறு பாகம் உடைந்தது. அது கிடைக்காமல் வண்டி 47 நாட்கள் அவன் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றது. தவணை மட்டும் நிற்கவில்லை. கடைசியில் சென்னைப் புதுப்பேட்டையில், பிரித்துப்போட்ட இன்னொரு வண்டியிலிருந்து அந்தப் பாகம் வந்து சேர்ந்தது. விற்றுவிடலாம் என்று முயன்றபோது வியாபாரி சொன்ன தொகை கடனை அடைக்கவே போதாது.

“வண்டி நல்ல வண்டிதானுங்க சார். கம்பெனி இல்லைங்களே” என்றான். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. இரண்டு மாதத் தவணையை நான் கட்டுகிறேன் என்றேன். வாங்க மறுத்துவிட்டான்.

அன்றிரவு நான் படித்திருந்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. அம்பாஸடர் உற்பத்தி நின்றபின், அந்தப் பெயர் மட்டும் 2017இல் பிரான்சு நாட்டுப் பெஜோ கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. வண்டி இல்லாத பெயருக்கு 80 கோடி கொடுக்க ஆள் இருந்தது. பெயர் போன வண்டிக்குப் பாதி விலை கொடுக்க ஆள் இல்லை. பொட்டு என்று நான் நினைத்தது, நாளைக்கு ஒரு பாகம் உடைந்தால் எங்கே போய் நிற்பது என்ற விலாசம். முதியவர் அம்பாஸடரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பழமைப் பற்று என்றே கருதியிருந்தேன். எந்த ஊர்ப் பட்டறையிலும் சுத்தியலும் ஸ்பேனரும் கொண்டு அதைச் சரிசெய்ய முடிந்தது என்பதையே அவர் தமக்குத் தெரிந்த மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடன் ஒருவாறு அடைந்தது. சென்ற மாதம் அவன் மறுபடியும் வந்தான். இரண்டாவது வண்டி வாங்கவேண்டுமாம். மறுபடியும் என்னையே கேட்டான். கோழிப்பண்ணைப் பையன் ஐந்து ரகங்களைக் கைப்பேசியில் காட்டினான். முதியவர் எல்லாம் டப்பா என்றார். நான் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தேன். “முதல்ல பார்ட்ஸ் கடைக்குப் போங்க சார். அப்புறம் ஷோரூம் போகலாம்” என்றார் அவர்.

மறுநாள் பேருந்தில் நாமக்கல் போனோம். உதிரிபாகக் கடையில் கூட்டம். அவன் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, மூன்று ரகங்களின் பெயர்களை மேலே எழுதிக் கோடு போட்டு, முன்விளக்கு, பிரேக், கிளட்ச், முன்சக்கரத்துப் பாகம் என்று ஒவ்வொன்றாக விலையும், கையிருப்பு உண்டா, வரவழைக்க எத்தனை நாள் என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தான். எழுத்து இன்னும் குண்டு குண்டாகவே இருந்தது. கடைக்காரர் பொறுமையாகச் சொல்லிவந்தவர், பாதியில் நிறுத்தி, “உங்க வண்டி எதுங்க?” என்றார்.

“இன்னும் வாங்கலைங்க” என்றான் அவன்.