கல்லும் முள்ளும் கடந்து
(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கம்பரைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் புலவர் பெருமக்கள் பேசும் மேடை இது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புப் புரட்டும் நாம் இங்கு எதைப் பேசுவது என்று பல நாள் எண்ணினோம். முடிவில், நம் காலனிப் பிள்ளைகள் சிலர் ஞாயிறுதோறும் விடியற்காலையில் எங்கே போகிறார்கள் என்பதையே பேசத் துணிந்தோம். அவர்கள் போவது காட்டு மேட்டுக்கு, போவது மிதிவண்டியில்.

டில்லியில் காடு ஏது, மேடு ஏது என்று கேட்பீர்கள். இராஜஸ்தானம், அரியானா வழியாக ஓடிவரும் ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி இந்நகருக்குள்ளேதான் முடிகிறது. அதைத்தான் இவ்வூரார் ரிட்ஜ் என்கின்றனர். இமயத்தினும் மிகப் பழைய மலை அது. நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறை, வெயிலிலும் மழையிலும் தேய்ந்து இன்று வெறும் குன்றாய் நிற்கிறது. அதன் ஒரு பகுதியே மெஹ்ரோலிக்கும் வசந்த் குஞ்சுக்கும் இடையிலுள்ள சஞ்சய் வனம். ஏறத்தாழ 780 ஏக்கர் பரப்பு. உள்ளே லால் கோட் என்னும் பழங்கோட்டையின் இடிந்த மதில் கிடக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் மரங்களுக்கு அப்பால் குதுப் மினார் தெரியும். மயில் உண்டு, நரி உண்டு, நீல்காய் மானும் உண்டு.

அங்கே மிகுதியாக நிற்கும் மரம் எதுவென்று நினைக்கிறீர்கள்? நம் இராமநாதபுரச் சீமையில் கண்மாய்தோறும் மண்டிக் கிடக்கும் அதே சீமைக் கருவேலம்! இவ்வூரில் அதற்கு விலாயதி கீக்கர் என்று பெயர். ஆங்கிலேயர் காலத்தில் ரிட்ஜில் கொண்டுவந்து நட்டார்கள். நம்மைப் போலவே அதுவும் குடியேறியதுதான். ஆனால் அது வைத்திருக்கும் முள் நம்மிடம் இல்லை. அதன் மேல் ஏறிய டயர் பிழைப்பது அரிது. மானாமதுரைப் பக்கத்தில், மணிக்கு ஒரு ரூபாய் வாடகைக்குச் சைக்கிள் எடுத்து, கால் எட்டாமல் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய நமக்கு அம்முள் பழைய நண்பன்.

இனி அவ்விளையாட்டின் வரலாற்றைச் சிறிது கூறுவோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மாரின் வட்டாரத்தில் இளைஞர் சிலர், பழைய காலத்துக் கனத்த, அகன்ற டயர் வண்டிகளை எடுத்துக் கொண்டு மலைச் சரிவில் இறங்கிப் பார்த்தனர். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அதற்கொரு பந்தயமே வைத்தனர். சுமார் இரண்டு மைல் தொலைவில் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்குதான் அவ்வண்டிகளில் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரக் குடத்திலுள்ள கிரீஸ் சூட்டினால் புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அப்பாதைக்கு, மறுபடி அடைத்தல் என்னும் பொருளில், ரீபேக் என்று பெயர் வந்தது. இருபது ஆண்டுகள் சென்றபின், 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் விழாவில் மலைச் சைக்கிள் பந்தயம் முதன்முறையாக இடம்பெற்றது.

சரிவும் பிரேக்கும் இரயில்வேக்காரருக்குப் புதியன அல்ல. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஓடத் தொடங்கிய நீலகிரி மலை இரயிலை நினைத்துப் பாருங்கள். செங்குத்தான இடத்தில் அது சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறுகிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அவ்வளவு ஏறாது, வழுக்கும். ஆகவே கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம் பதித்து, பற்சக்கரத்தால் கவ்வி ஏற்றுகின்றனர். இறங்கும்போதோ பெட்டிதோறும் பிரேக்காரர் ஒருவர் காத்து நிற்கிறார். மலையில் வேகத்தைக் காட்டிலும் பிடிப்பே பெரிது என்பதை அந்த இரயிலைப் பார்த்தே அறியலாம்.

காட்டில் செல்லும் சைக்கிளுக்குப் பற்சட்டம் இல்லை. அகன்ற டயரின் கட்டைகள்தாம் மண்ணைக் கவ்வ வேண்டும். ஆகவே காற்றைச் சற்றுக் குறைத்து வைப்பார்கள். டயர் கல்லின்மேல் படிந்து பிடிக்கும். கரடான இறக்கத்தில் சீட்டில் உட்காருவதில்லை. இரு பெடல்களையும் சமமாக நிறுத்தி, அவற்றின்மேல் எழுந்து நின்று, முழங்கையும் முழங்காலும் மடங்க, உடலைப் பின்னுக்குத் தள்ளிக் கொள்வார்கள். குலுக்கலை உடம்பே வாங்கிக் கொள்ளும். முன் பிரேக்குக்கே வலிமை அதிகம். ஆனால் சரிவில் அதைத் திடீரென்று அழுத்தினால் ஆள் ஹாண்டில் பாருக்கு மேலே பறந்து விழுவான். வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணித்து விடவேண்டும். யாவற்றினும் முக்கியமானது பார்வை. காலடிக் கல்லைப் பார்க்கக் கூடாது. பதினைந்து இருபது அடிக்கு அப்பால், போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கண் எந்தக் கல்லில் நிலைக்கிறதோ அந்தக் கல்லில் சக்கரம் போய் மோதும்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நம் மகன் விழுந்ததனால் தெரியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆவணி மாதம், பதினோராம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்த அவன், நண்பர்களோடு சென்று பாறைப் படிகள் நிறைந்த ஒரு சரிவில் விழுந்தான். காறையெலும்பு முறிந்தது. தலைக்கவசம் அணிந்திருந்ததால் தலை தப்பியது. நம் துணைவியார் அன்றே வண்டியை மாடிக் கம்பியில் சங்கிலியிட்டுப் பூட்டி, சாவியை அரிசி டப்பாவில் போட்டுவிட்டார். "பிள்ளையைக் காட்டுக்கு விட்டது யார் குற்றம்?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டனர். நாமும் அவனைக் கடிந்து கொண்டோம்.

எலும்பு கூடிய பின் ஒரு நாள், அவனை அழைத்துக் கொண்டு அவ்விடத்துக்கு நடந்தே போனோம். மழை ஈரத்தில் பாறை பளபளவென்று இருந்தது. எந்தப் பிள்ளையும் வண்டியிலிருந்து இறங்கித் தள்ள வேண்டிய இடம். "இறங்கியிருக்கலாமே?" என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்து, "இறங்க வேண்டுமென்று தெரியும் அப்பா. முன்னால் போன இருவரும் இறங்கவில்லை. நான் மட்டும் இறங்கினால் சிரிப்பார்களே என்று பயந்தேன்" என்றான்.

அப்போதுதான் நமக்குச் சுரீர் என்றது. அவனை வீழ்த்தியது பாறையன்று, வெட்கம். அவ்வெட்கத்தை அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர் யார்? பதவி உயர்வுக்கான துறைத் தேர்வில் நாம் இருமுறை தவறினோம். அதை வீட்டில் சொல்லாமல், "முடிவு இன்னும் வரவில்லை" என்றே மாதக்கணக்கில் கூறி வந்தோம். பிள்ளைகள் செவியால் கேட்பதைவிட முகத்தால் அறிவது அதிகம். அந்தப் பாறையருகே உட்கார்ந்து அதை அவனிடம் சொல்லிவிட்டோம். பிறகு வீட்டில் அவன் அம்மாவிடமும் சொன்னோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது எனக்கு அப்போதே தெரியும்" என்றார். அரிசி டப்பாவிலிருந்து சாவி வெளியே வர மேலும் ஒரு மாதம் ஆயிற்று.

சாவியோடு சில நிபந்தனைகளும் வந்தன. காலனிப் பெற்றோர்க்குப் பயன்படலாம் என்று அவற்றைக் கூறுகிறோம். தலைக்கவசமும் கையுறையும் இன்றிப் போகலாகாது. தனியாகப் போகலாகாது, இருட்டுமுன் திரும்ப வேண்டும். வாயிற்காவலரைக் கேட்டு அன்றைய விதி அறிந்தே உள்ளே செல்ல வேண்டும். அசோலா-பாட்டி போன்ற வனவிலங்குச் சரணாலயங்களில் வனத்துறை அனுமதித்த வழியன்றி வேறு வழி கூடாது. அங்கே சிறுத்தை வாழ்கிறது. நடந்து வருவோர்க்கு நின்று வழிவிட வேண்டும். மழை பெய்த மண்ணில் ஓட்டக் கூடாது. டயர் கீறிய தடத்தில் அடுத்த மழைநீர் ஓடிப் பாதையையே அரித்துவிடும். குறுக்கே புதுத்தடம் வெட்டலாகாது. டில்லிக்கு எஞ்சியிருக்கும் மலை அவ்வளவுதான்.

கடைசி நிபந்தனை நம் துணைவியாருடையது: புதிய சரிவு எதையும் முதலில் நடந்து பார்த்த பின்னரே வண்டியில் இறங்க வேண்டும், ஐயமிருந்தால் யார் சிரித்தாலும் தள்ளிக் கொண்டு வரவேண்டும்.

சென்ற மாசி மாதம் அதே சரிவுக்கு அவனோடு போயிருந்தோம். மண் உலர்ந்திருந்தது. இரண்டு முறை நடந்து பார்த்தான். முதல் முறை ஏறியவன் பாதியில் நிறுத்தி, இறங்கி, வண்டியைத் தள்ளிக் கொண்டு வந்தான். நண்பர்களில் ஒருவன் சிரிக்கத்தான் செய்தான். நம் மகனும் சேர்ந்து சிரித்தான். அடுத்த ஞாயிறு இறங்காமலே கடந்து விட்டானாம். அதைப் பார்க்க நாம் அங்கில்லை. தள்ளிக் கொண்டு வந்ததைப் பார்த்தோம், அதுவே நமக்குப் போதும்.

தாய்மார்களே, பெரியோர்களே! ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து பிழைக்கும் நமக்குப் பிள்ளைகள் கீழே விழுந்துவிடுவார்களோ என்னும் அச்சம் இயல்பே. அதற்காக வண்டியைப் பூட்டிவிட்டால் அச்சம் பூட்டப்படுவதில்லை. அவர்கள் போகட்டும். இறங்க வேண்டிய இடத்தில் இறங்குவது தாழ்வன்று என்பதை மட்டும் நாம் நம் நடத்தையால் காட்டுவோம்.

 மூன்றாம் முறை எழுதிய துறைத் தேர்வில் தேறினோமா என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. இன்னும் இல்லை, வரும் ஆண்டு மறுபடி எழுதுகிறோம்.