1957 உடன்படிக்கை: செல்வநாயகம் பெற்றதும் விட்டதும்

(வரிப்பத்தான்சேனையில் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைவர் ஒருவர் பேச்சுவார்த்தைக்குப் போய்வந்தால் நம்மவர் கேட்பது ஒரே கேள்வி: வென்றாரா, தோற்றாரா? காணி வாங்கி வந்தவனை நாம் அப்படிக் கேட்பதில்லை. உறுதியைக் கொண்டுவா என்கிறோம். நான்கு எல்லையையும் பார்க்கிறோம். வாய்க்கால் எவர் பக்கம் என்று பார்க்கிறோம். 1957ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் திகதி பிரதம மந்திரி பண்டாரநாயக்காவுடன் திரு. எஸ். ஜே. வி. செல்வநாயகம் செய்துகொண்ட உடன்படிக்கையை அவ்வாறே படித்துப் பார்க்க விரும்புகிறோம். இவ்வூரில் அதனைப் படிப்பதற்குக் காரணம் உண்டு. நம் வயல்களுக்குத் தண்ணீர் வரும் திசையைப் பற்றிய வாசகம் ஒன்று அப்பத்திரத்தில் இருக்கிறது.

அவர் எந்த நிலையில் அந்த மேசைக்குச் சென்றார் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். 1956 ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. அதே மாதத்தில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் தாக்கப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு, 1957 ஆகஸ்ட் 20ஆம் திகதிக்குள் தீர்வு கிட்டாவிடின் சத்தியாக்கிரகம் என்று அறிவித்தது. ஆகவே அவர் வெறுங்கையுடன் செல்லவில்லை. ஒரு நாளைக் குறித்துக் கையில் வைத்துக்கொண்டு சென்றார். எதிரே இருந்தவரோ 1926இலேயே இந்நாட்டுக்குச் சமஷ்டியே ஏற்றது என்று எழுதியவர். முப்பது ஆண்டு கழித்துச் சிங்களம் மட்டும் என்று கூறித் தேர்தலில் வென்றவர். சமஷ்டி பற்றியோ, அரச கரும மொழிச் சட்டத்தைத் தளர்த்துவது பற்றியோ தாம் பேச இயலாது என்று அவர் முதலிலேயே கூறிவிட்டார். அதுவும் பத்திரத்திலேயே பதிவாகியிருக்கிறது.

இந்நிலையில் செல்வநாயகம் தம் கொள்கையைக் கைவிடாமல், இடைக்கால ஏற்பாடொன்றுக்கு இணங்கினார். இனத்தை விற்றுவிட்டார் என்று அன்று எதிரணித் தமிழர் சிலர் முழங்கினர். அக்குற்றச்சாட்டை நாம் ஏற்கவில்லை. வடமாகாணம் ஒரு பிரதேசமாகும். கிழக்கு மாகாணம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிரதேசங்களாகும். பிரதேசங்கள் விரும்பின் மாகாண எல்லையைக் கடந்தும் ஒன்று சேரலாம், பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துடன். விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, மீன்பிடி, வீதி ஆகியவை பிரதேச சபைகளின் அதிகாரத்துள் அடங்கும். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழாகும். இவை அற்பமானவை அல்ல. 1988இல் வடக்கையும் கிழக்கையும் இணைத்தபொழுது கிழக்கு மக்களிடம் எவரும் கேட்கவில்லை. வாக்களித்த சர்வசன வாக்கெடுப்பும் நடத்தப்படவில்லை. அதனோடு ஒப்பிட்டால், சேர்வதைப் பிரதேசங்களின் விருப்பத்துக்கு விட்ட 1957இன் வாசகம் நம் கரைக்கு எவ்வளவோ மேல்.

இனிக் கல்லோயா. குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரம் பிரதேச சபைக்கே உரியது என்று எழுதச் செய்தது பெரும் வெற்றி. ஆனால் அதற்கு அடுத்த வரியைப் பாருங்கள். கல்லோயாச் சபையின் நிர்வாகத்திலுள்ள பகுதியின் நிலை ஆலோசிக்கப்பட வேண்டியது என்று அது கூறுகிறது. எவர் ஆலோசிப்பார்? எப்பொழுது? அதுவரை அங்கே புதிதாகக் காணி கொடுப்பது நிற்குமா? ஒன்றும் இல்லை. குடியேற்றத்தினால் குடித்தொகை மாறிக்கொண்டிருந்த இடமோ அதுவே. சண்டை நடந்த எல்லையை வெறுமனே விட்டுவிட்டு, மற்ற மூன்று எல்லைகளையும் அழகாக எழுதிய உறுதியை நம் வட்டை விதானை ஒத்துக்கொள்வாரா? செல்வநாயகம் சிவில் சட்டத்தில் தலைசிறந்த வழக்கறிஞர். ஆதலால் அவ்வரிக்கு நாம் அவரைப் பொறுப்பாளியாக்குகிறோம். மேட்டில் குடியேறிய ஏழைச் சிங்கள உழவன்மீது நமக்குப் பகையில்லை; அவனுக்கும் தெளிவான எல்லை வேண்டியிருந்தது.

மற்றொரு குறையும் உண்டு. முஸ்லிம் என்ற சொல் உடன்படிக்கையில் இல்லை. 1956இல் கல்முனை திரு. எம். எஸ். காரியப்பரையும் பொத்துவில் திரு. எம். எம். முஸ்தபாவையும் தமிழரசுக் கட்சியின் பெயரிலேயே தெரிந்தனுப்பின. பின்னர் இருவரும் அரசாங்கப் பக்கம் சேர்ந்தனர். அது அவர்களுடைய கணக்கு. ஆயினும் இக்கரையின் வாக்கைப் பெற்ற கட்சி, இக்கரைக்கென ஒரு வரியேனும் கேட்டிருக்க வேண்டாமா? கிழக்கில் இரண்டுக்கு மேற்பட்ட பிரதேசம் என்றதில் நமக்கு இடமிருந்தது என்பர். இருந்தது, ஊகத்தில்.

உடன்படிக்கை கிழிக்கப்பட்டதற்குப் பழி அவருடையதன்று. 1957 அக்டோபரில் கண்டிக்கு நடக்கப் புறப்பட்டவர் திரு. ஜே. ஆர். ஜயவர்த்தனா. 1958 ஏப்ரல் 9ஆம் திகதி வீட்டு வாயிலில் வந்து அமர்ந்த பிக்குமாருக்குப் பணிந்தவர் பண்டாரநாயக்கா. ஆனால் சத்தியாக்கிரகத்தை நிறுத்தியது உடனே. சட்டம் கொண்டுவருவதற்கோ திகதி குறிக்கவில்லை. ரொக்கத்தைக் கொடுத்துவிட்டுத் தவணையில்லாத கடன்சீட்டை வாங்கினார் செல்வநாயகம். அச்சட்டம் வருமுன்னரே வாகன இலக்கத் தகட்டின் சிங்கள ஸ்ரீ எழுத்தை எதிர்த்து அவருடைய கட்சி இயக்கம் நடத்தியது. காரணம் நியாயமானது, காலம் பிழை.

அவர் இதிலிருந்து கற்றுக்கொண்டாரா? 1965 மார்ச் 24ஆம் திகதி திரு. டட்லி சேனநாயக்காவுடன் செய்த உடன்படிக்கையில் காணி வழங்கும் ஒழுங்கை வரிசையாகவே எழுதச் செய்தார். வடக்குக் கிழக்கில் முதலில் அந்த மாவட்டத்தின் நிலமற்றோர். அடுத்து இரு மாகாணங்களிலும் வாழும் தமிழ் பேசுவோர். அதன் பின்னரே ஏனைய பிரசைகள். தமிழ் பேசுவோர் என்றதில் நாமும் அடங்கினோம், அது முன்னேற்றமே. எனினும் 1961இலேயே மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கல்லோயாக் குடியேற்றம் அதற்குள்ளேயே இருந்தது. அந்த மாவட்டத்தில், மாவட்டத்தின் நிலமற்றோர் என்றால் எவரெவர் என்று எண்ணிப் பாருங்கள். எட்டாண்டுக்கு முன் ஆலோசனைக்கு விடப்பட்ட அதே கேள்வி, வேறு சொற்களில் மீண்டும் திறந்தே கிடந்தது. சட்டத்துறை நண்பர்கள் அவ்வரிசையை வேறுவிதமாகப் படிப்பார்களாயின், இப்பொழுதே எழுந்து கூறும்படி கேட்டுக்கொள்கிறோம்.